சொல்லும் தகரம், சொல்லாத தகடு

கண்மலர் என்று கேட்டால் மயிலாப்பூர் மாட வீதிப் பூஜைச் சாமான் கடையில் இரண்டு கண்கள் பதித்த மெல்லிய தகடு ஒன்றை எடுத்துத் தருவார்கள். அச்சின்மேல் வைத்துத் தட்டியெடுத்த வேலை. இமையும் விழியும் மேடாகத் தெரியும், புருவம் வெறும் கோடு. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் வாசலில் இதே ஜாதித் தகடு கை, கால், இதயம், வீடு, குழந்தை என்று பல உருவங்களில் கிடைக்கிறது. வாங்கியவருக்குக் கண்ணில் பட்டாசு தெறித்ததா, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா, பேரனுக்குப் பார்வை திரும்பியதா என்பதைத் தகடு சொல்வதில்லை. உண்டியலில் விழுந்ததும் அது மற்றத் தகடுகளோடு கலந்துவிடுகிறது. மெக்சிகோவின் கத்தோலிக்கக் கோயில்களிலும் இப்படிப்பட்ட தகடுகள் உண்டு, மிலாக்ரோ என்பார்கள். ஆனால் அங்கே அதே சுவரில் இன்னொன்றும் தொங்குகிறது: இன்னார், இன்ன ஊரில், இன்ன தேதியில், இப்படி அகப்பட்டு, இப்படிப் பிழைத்தார் என்று வரைந்தும் எழுதியும் காட்டும் சின்னஞ்சிறு தகர ஓவியம். அந்த ஓவியத்தின் தரத்தை எதைக்கொண்டு அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தெய்வத்தின் முக லட்சணமும் தூரிகையின் தேர்ச்சியும் அதற்கு இரண்டாம்பட்சம். பட்ட துன்பத்தின் விவரம் எவ்வளவு துல்லியமாக இறங்கியிருக்கிறது என்பதே முதல் அளவுகோல் என்று நான் வாதிடுகிறேன். அந்த விவரத்தைச் சொல்லும் கருவிகள் எல்லாம் தமிழ் மரபிலும் இருக்கின்றன, ஆனால் வேறு வேறு கைகளில் பிரிந்து கிடக்கின்றன.

மெக்சிகோ வடிவத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேர்ந்துகொண்டு படம் செலுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் பிறந்தது; இத்தாலியில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே மரப்பலகையில் வரைந்து மாட்டினார்கள். ஸ்பானியர்களோடு அது கடல் தாண்டிப் போனது. தொடக்கத்தில் துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டச் சொல்லும் வசதி படைத்தவர்களுக்கே எட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயம் பூசிய தகரம் மலிவாகக் கிடைத்ததும் சுரங்கக் கூலிக்கும் மாடு மேய்ப்பவருக்கும் அது கைக்கெட்டிய பொருளாயிற்று. அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். மேலே ஒரு மூலையில் மேகத்துக்குள் மாதாவோ புனிதரோ. நடுவில் விபத்து: குதிரை தள்ளிவிட்டது, கிணற்றில் விழுந்தது, கட்டிலில் மெலிந்து கிடக்கும் பெண். கீழே ஒரு பட்டை, அதில் பெயர், ஊர், தேதி, நடந்தது, நன்றி. சான் ஹுவான் தெ லோஸ் லாகோஸ் போன்ற யாத்திரைத் தலங்களில் இவை சுவர் சுவராக நிறைந்திருக்கின்றன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். தெரிந்த சிலரில் முதன்மையானவர் குவானஹுவாத்தோ மாநிலத்தின் புரீசிமா தெல் ரின்கோன் ஊரைச் சேர்ந்த எர்மெனெஹில்தோ புஸ்தோஸ் (1832–1907). பிறந்த ஊரிலேயே வாழ்ந்து, பல தொழில் செய்து, தன்னைத் தொழில்முறை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளாமல் ஊர்க்காரர்களின் முகங்களையும் அவர்கள் தப்பிப் பிழைத்த கதைகளையும் வரைந்தவர். அவர் தீட்டிய முகங்கள் இன்று மெக்சிகோவின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இந்த மரபு தன் தரத்தை எப்படித் தீர்மானித்துக்கொண்டது என்பதை மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவிடம் பார்க்கலாம். நன்றித் தகரங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்தவர் அவர். அந்தச் சேகரம் கொயொவாக்கானில் உள்ள அவரது நீல வீட்டில் இருக்கிறது. 1925 செப்டம்பர் 17 அன்று அவர் போன பஸ் டிராமில் மோதி அவருடைய முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கின. பல ஆண்டுகள் கழித்து, யாரோ முன்பின் தெரியாதவருக்காக வரையப்பட்ட பஸ்-டிராம் மோதல் படம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை அப்படியே மாட்டிவைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கீழே கிடக்கும் பெண்ணுக்குத் தன்னுடைய சேர்ந்த புருவத்தை வரைந்தார். பஸ்ஸின் மேல் கொயொவாக்கான் என்றும் டிராமின் மேல் த்லால்பான் என்றும் ஊர்ப்பெயர்களை எழுதினார். அடியில், மகளைக் காப்பாற்றியதற்கு வியாகுல மாதாவுக்குப் பெற்றோர் இருவரும் நன்றி சொல்வதாக வாசகம் சேர்த்தார். பொதுவான ஒரு மோதல் படத்தைத் தன் மோதலாக்க அவருக்குத் தேவைப்பட்டவை இவ்வளவுதான்: ஒரு புருவம், இரண்டு ஊர்ப்பெயர், நன்றி சொல்பவர் யார் என்ற தகவல். அவர் 1932இல் தகரத்தில் தீட்டிய ‘ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை’ இந்த வடிவத்திலிருந்தே பிறந்தது. அதில் மேகமும் இல்லை, மாதாவும் இல்லை. ஆனால் கட்டிலின் சட்டத்தில் மாதமும் ஆண்டும் ஊரும் மருத்துவமனையும் எழுதப்பட்டிருக்கின்றன. தெய்வத்தை எடுத்துவிட்ட பிறகும் வடிவம் நிற்கிறது என்றால் அதைத் தாங்கி நிற்பது அந்த விவரம். ஹோர்ஹே துராந்த், டக்ளஸ் மாஸ்ஸி என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட நூலில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன மெக்சிகோ மக்களின் நன்றிப் படங்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகவே எடுத்து ஆராய்ந்ததும் இதனால்தான். எல்லை ஆற்றில் மூழ்கியவர், காகிதம் இல்லாமல் திண்டாடியவர், தூரதேசத்து ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தவர் ஆகியோரின் நாட்குறிப்பு அந்தத் தகரங்களில்தான் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். நேர்த்திக்கடனில் நம்மிடம் பல பள்ளிகள். மண்ணில் செய்வது ஒன்று: சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் புரவியெடுப்பு, வேளார்கள் சுட்டுத் தரும் குதிரைகள், பிள்ளை வரம் கிடைத்தவர்கள் வைக்கும் உருவாரங்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், முட்டுக்காடு தட்சிணசித்ராவில், ஐயனார் குதிரைகளைப் பார்க்கலாம். உலோகத்தில் செய்வதைப் பார்த்தோம். உடம்பால் செலுத்துவது மூன்றாவது. மொட்டையும் அலகும் பால்குடமும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான்காவது, நன்றிக்காகக் கட்டிடமே எழுப்புவது. அதற்கு மயிலாப்பூரிலேயே மூத்த சாட்சி உண்டு. லஸ் என்று நாம் சொல்லும் இடத்துக்குப் பெயர் தந்த பிரகாச மாதா கோயிலைப் பழைய மயிலாப்பூர்வாசிகள் காட்டுக் கோயில் என்பார்கள். கடலில் வழி தவறிய போர்த்துக்கீசியர்களுக்கு இக்கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பின்பற்றிக் கரையேறி, வெளிச்சம் மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்களாம். 1516 என்ற ஆண்டைக் கோயிலின் கல்வெட்டோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். வேளாங்கண்ணிக்கும் இதே போன்ற கதை: பதினேழாம் நூற்றாண்டில் புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கட்டிய கோயில், கரை சேர்ந்த நாளான செப்டம்பர் 8 இன்றும் திருவிழா நாள். பிற்பாடு அவர்கள் கொண்டுவந்து பீடத்தில் பதித்த பீங்கான் தட்டுகளில் படங்கள் உண்டு. ஆனால் அவை வேதாகமக் காட்சிகள். பாய்மரம் முறிந்த இரவு அவற்றில் இல்லை. தங்களுக்கு நேர்ந்ததை வரைந்து வைக்கும் பழக்கம் உள்ள கண்டத்திலிருந்து வந்தவர்களே அதைச் செய்யாமல் போனது வியப்புதான்.

ஐந்தாவது பள்ளி சொல்லால் ஆனது. இதில் சென்னை யாருக்கும் குறைந்ததில்லை. மயிலாப்பூர் சாயிபாபா கோயிலுக்கு மூலகாரணரான பி.வி. நரசிம்மசுவாமி (1874–1956) சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1930களின் பிற்பகுதியில் அவர் பாபாவை நேரில் கண்டவர்களைத் தேடிப் போய் அவர்களுடைய அனுபவங்களைப் பதிவு செய்தார். அந்தத் தொகுப்பைப் புரட்டினால் கோர்ட்டு வாக்குமூலம் படிப்பது போலவே இருக்கும். பெயர், வயது, தொழில், இருப்பிடம், வாக்குமூலம் தந்த தேதி, அதன்பிறகே அனுபவம். துதி பாடும் நூல்களில் அபூர்வமாகவே கிடைக்கும் ஒழுங்கு இது. மெக்சிகோத் தகரத்தின் அடிப்பட்டையில் இருப்பதும் இதே வாக்குமூலந்தான். கேட்ட வரம் தந்த அந்தோனியாருக்கும் யூதா ததேயுவுக்கும் நன்றி என்று செய்தித்தாளில் சின்ன விளம்பரம் கொடுக்கும் வழக்கமும், ஆன்மிகப் பத்திரிகைகளில் வாசகர்கள் எழுதும் மகான் அனுபவங்களும் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவையே. விளம்பரத்தில் விவரம் இருக்காது, பத்திரிகை அனுபவத்தில் சில சமயம் அலங்காரம் மிஞ்சிவிடும். வக்கீலின் கையெழுத்துக்கு இருந்த கறார் அவற்றில் குறைவு.

படமும் நம்மிடம் உண்டு. தியாகராய நகருக்குப் பக்கத்து வடபழனி ஆண்டவர் கோயில் ஒரு படத்திலிருந்துதான் தொடங்கியது. தீராத வயிற்று வலியால் துடித்த அண்ணாசாமி நாயக்கர் திருத்தணியில் தன் நாவையே அறுத்துக் காணிக்கையாக்கினார் என்றும், வலி தீர்ந்தது என்றும், பின்பு பழனிக்குப் போய்ப் பழனியாண்டவர் படம் ஒன்றைக் கொண்டுவந்து ஓலைக் கொட்டகையில் வைத்து வழிபட்டார் என்றும் தலவரலாறு சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த கதை. நோய், நேர்ச்சை, தீர்வு, படம் என்று மெக்சிகோக்காரர் கேட்டால் உடனே புரிந்துகொள்ளும் வரிசை. ஒரே வேறுபாடு, படத்தில் ஆண்டவர் இருக்கிறார், அண்ணாசாமியும் அவர் வலியும் வாய்வழிக் கதையில் இருக்கின்றன. கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குச் சன்னிதி உண்டு. பாம்பு தீண்டி இறந்த மகளின் எலும்பும் சாம்பலும் வைத்த குடத்திலிருந்து சம்பந்தர் அவளை எழுப்பிய நிகழ்ச்சி ஒவ்வொரு பங்குனிப் பெருவிழாவிலும் அறுபத்துமூவர் நாளன்று காலையில் நடத்திக் காட்டப்படுகிறது. தகப்பன் சிவநேசரின் பெயரும் பாம்பும் குடமும் ஊரும் அதில் மறையவில்லை. ஆனால் பாம்புக்கடியிலிருந்து பிழைத்த இன்னொரு பெண்ணுக்கு, புராணத்தில் பெயர் இல்லாதவளுக்கு, அந்த மரபு இடம் தரவில்லை. தமிழில் படத்தையும் எழுத்தையும் ஒரே பரப்பில் வைத்ததே இல்லையா என்று கேட்கலாம். வைத்திருக்கிறோம். திருவாரூர் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது, ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். வரைந்த சிங்காதனம் என்பவர் தன் உருவத்தையும் தன் நாயையும்கூட அங்கே தீட்டி, நாயின் பெயர் ஒடுக்கன் என்று எழுதிவைத்திருக்கிறார். நாய்க்கும் பெயர் எழுதிய கையிடம் விவரப் பற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, பொருள் உண்டியலிலும், சொல் அச்சிலும், படம் சுவரிலும் தனித்தனியே நின்றன. ஏன் சேரவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்பது. இது பாதி சரி. பலிக்கும்வரைதான் அந்த ரகசியம். பலித்த பிறகு நம்மவர்கள் ஊரறிய அலகு குத்திக்கொள்கிறார்கள், மரத்தில் தொட்டில் கட்டுகிறார்கள், எடைக்கு எடை துலாபாரம் கொடுக்கிறார்கள். மறைத்துவைத்தது வேண்டுதலை அன்று, அதற்குப் பின்னால் இருந்த குடும்பக் கஷ்டத்தை. மனநோய், கடன், மலட்டுத்தன்மை என்று ஊர் வைத்த பழி, இவற்றைப் பெயர் போட்டு வரையத் தயங்குவது நியாயமான தயக்கம். அதனால் பெயரை விட்டுவிடலாம். ஊரும் நாளும் நடந்ததும் விட முடியாதவை. அவை போய்விட்டால் படம் மறுபடியும் கண்மலராகிவிடும்.

அயல்நாட்டு வடிவம் நமக்கு எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். இதில் எனக்கு அரைமனதான உடன்பாடு உண்டு. சென்னையில் மெக்சிகோ பாணி என்ற பெயரில் மண்டையோடும் சாமந்தியும் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் வரைந்து பழகுவது அந்த மரபின் உடுப்பை மட்டும் இரவல் வாங்குவது. மண்டையோடு அவர்களுடைய இறந்தோர் திருநாளைச் சேர்ந்தது, நன்றித் தகரத்துக்கு அதனோடு வேலையில்லை. வாங்க வேண்டியது மூன்று அடுக்கு அமைப்பையும் தேதி எழுதும் ஒழுக்கத்தையும். மேல் அடுக்கின் தெய்வத்துக்கு நாம் எங்கும் போக வேண்டாம். கோவில்பட்டி கொண்டையராஜுவின் (1898–1976) கை சிவகாசிக் காலண்டர்கள் வழியே வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது, அந்த முருகனையும் லட்சுமியையும் கண்ணை மூடினாலும் வரையலாம். தஞ்சாவூர் ஓவியம் கற்பவர்கள் பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சில் மேடு கட்டி, தங்க ரேக்கும் கல்லும் பதிப்பதில் மாதக்கணக்கில் செலவிடுகிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளியின் தரம் தெய்வத்தின் பொலிவு. பக்தனின் வீட்டுக் கூடமும் ஆஸ்பத்திரி வார்டும் அதற்குள் வர வழியில்லை. நன்றிப் படத்தில் தலைகீழ். கட்டில் கோணலாக இருக்கலாம், கைவிரல் ஆறாகிவிடலாம், குளுக்கோஸ் பாட்டில் எந்தப் பக்கம் தொங்கியது என்பது மட்டும் தப்பக் கூடாது.

கடைசி ஆட்சேபம் இந்த நகரத்தில் தவறாமல் எழுவது: பிழைக்கவைத்தவர் டாக்டர், நன்றி தெய்வத்துக்கா? பகுத்தறிவுப் பிரசாரம் ஊன்றிய ஊரில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் கூடாது. மெக்சிகோத் தகரங்களிலேயே மருத்துவர்கள் கத்தியோடு நிற்கிறார்கள், மேலே மாதாவும் இருக்கிறார். வரைவித்தவர் இருவரையும் விடவில்லை. மேலடுக்கு நம்பிக்கையுள்ளவரின் விருப்பம். அதைக் காலியாக விட்டாலும் படம் கெடாது என்று காலோ காட்டிவிட்டார். 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். மாடிக்கும் முழங்காலுக்கும் நடுவில் தண்ணீர் எவ்வளவு நின்றது, படகு எந்தக் குப்பத்தது, வலை எந்த நிறம், முதலில் யார் இறங்கினார்கள் என்பதெல்லாம் மீட்கப்பட்டவர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் அலையிலிருந்து தப்பியவர்களுக்கும் அவரவர் விவரம் உண்டு. இந்த இரண்டு பேரிடர்களைப் பற்றியும் செய்திப் படங்கள் ஏராளம். எடுத்தவர்கள் கரையிலும் ஹெலிகாப்டரிலும் இருந்தார்கள். தண்ணீருக்குள் நின்றவர் பக்கத்திலிருந்து, அவர் கணக்குப்படி வரைந்த படங்கள் நமக்கு வேண்டும்.

அப்படி வரைய முன்வருபவர்கள் அடிப்பட்டையை எழுதும் விதத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெக்சிகோத் தகரங்களில் எழுத்துப்பிழை நிறைய. ஊர்ப் பேச்சு அப்படியே எழுத்தாகியிருக்கும், வாக்கியம் இடம் போதாமல் ஓரத்தில் நெருங்கிச் சிறுத்துப் போயிருக்கும். ஆய்வாளர்கள் அவற்றைத் திருத்தாமல்தான் பதிப்பிக்கிறார்கள். தமிழில் நமக்குக் கை நடுங்கும் இடம் இதுதான். ஒரு தாய், ‘புள்ளைக்கு மூச்சு நின்னு போச்சு, ராத்திரி ரெண்டு மணி, ஆட்டோக்காரர் காசு வாங்கல’ என்று சொன்னதை ஓவியர் மேடைத் தமிழுக்கு மாற்றி, இறையருளால் குழந்தை நலம் பெற்றது என்று எழுதினால், ராத்திரி ரெண்டு மணியும் ஆட்டோக்காரரும் போய்விடுவார்கள். அவர் சொன்னபடியே, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, எழுத்து சிறுத்தாலும் பரவாயில்லை என்று முழுதும் எழுதிவிட வேண்டும்.