திரை விமர்சகரின் உழைப்பும் விமர்சன வடிவமும்: தமிழ்த் திரை இதழியல் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த் திரைப்பட ஆய்வுகளில் இதழ் விமர்சனங்கள் ஒரு படத்தின் வரவேற்பை அறிவதற்கான சான்றுகளாகத் தொடர்ந்து எடுத்தாளப்படுகின்றன. அவற்றை எழுதியோரின் பணிநிலை, பெயருரிமை, வருவாய், சட்டப் பாதுகாப்பு ஆகியன அரிதாகவே ஆராயப்படுகின்றன. தமிழில் திரை விமர்சனம் போதிய அளவு வளரவில்லை என்ற கருத்துக்குப் படித்த வர்க்கத்தின் புறக்கணிப்பே காரணமாகக் கூறப்பட்டு வருகிறது. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதும், விமர்சகரின் உழைப்புச் சூழல் விமர்சனத்தின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: திரை இதழியல், விமர்சனம், இதழாளர் உழைப்பு, கிசுகிசு, செய்தித் தொடர்பாளர், பணிச்சட்டம்.

1. முன்னுரை

தமிழ்ப் பேசும்படம் 1931இல் தோன்றியது. அதற்கு முன்பிருந்தே நாடகம் பற்றியும் இசை பற்றியும் இதழ்களில் எழுதும் மரபு இருந்தது. எனினும் திரைப்படம் குறித்த ஆழ்ந்த எழுத்து தமிழில் நெடுங்காலம் வேர்கொள்ளவில்லை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சு. தியடோர் பாஸ்கரன் தம் நூல்களில் இதனை மீண்டும் மீண்டும் சுட்டியுள்ளார். அறிவுலகம் சினிமாவைக் கீழான பொழுதுபோக்கு என ஒதுக்கியது. ஒதுக்கியதனால் அதனை மதிப்பிடும் மொழியும் உருவாகவில்லை என்பது அவர் தரும் விளக்கம். இவ்விளக்கத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இது, எழுதாதவர் ஏன் எழுதவில்லை என்பதையே விளக்குகிறது. வாரந்தோறும் எழுதிக்கொண்டே இருந்தவர்கள் ஏன் அவ்வாறு எழுதினார்கள் என்ற வினாவை அது தொடுவதில்லை. ஒரு படத்தைப் பார்த்து, குறித்த நாளுக்குள், குறித்த பக்க அளவில், ஒரு நிறுவனத்தின் ஊழியராக எழுதியவரின் நிலையிலிருந்து இவ்வெழுத்தை அணுகும்போது, குறைபாடுகளாகக் கருதப்பட்ட பலவும் பணிச்சூழலின் தடங்களாகப் புலப்படுகின்றன.

2. உரிமையாளர், ஆசிரியர், விமர்சகர்

‘ஆனந்த விகட’னின் வரலாறு இதற்கு முதற்சான்று. 1928இல் அவ்விதழை வாங்கிய எஸ்.எஸ். வாசன் 1940களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவின் உரிமையாளரானார். தமிழகத்தின் செல்வாக்கு மிக்க வார இதழும் பெரும் படப்பிடிப்பு நிலையமும் ஒருவர் கையில் இருந்தன. இந்நிலையில் அவ்விதழின் ஊழியர் எழுதும் எந்தத் திரைக் குறிப்பும், தம் முதலாளியின் தொழிலையோ அவருடைய போட்டியாளரின் தொழிலையோ பற்றியதாகவே அமையும்.

அவ்விதழில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கலை விமர்சனம் எழுதிய கல்கி கிருஷ்ணமூர்த்தியின் நிலை மேலும் நுட்பமானது. அவருடைய ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்ரமணியத்தின் இயக்கத்தில் படமாகி 1939இல் வெளிவந்தது; படத்தின் காட்சிப் படங்கள் தொடருடன் அச்சிடப்பட்டன. பின்னர் அவர் விகடனிலிருந்து விலகி 1941இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது, ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். சுப்புலட்சுமி ஈட்டிய தொகை அதற்கு மூலதனமாக உதவியது. 1945இல் வந்த ‘மீரா’வுக்குக் கல்கி பாடலும் எழுதினார்.

இச்செய்திகளைக் கொண்டு கல்கியின் நேர்மையை ஐயுறுவது நோக்கமன்று. விமர்சகர் நிற்பதற்குத் திரைத்தொழிலுக்கு வெளியே ஓர் இடம் அன்றே இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. புனைபெயரை இந்நோக்கில் பார்க்கலாம். ஒரே மனிதர் ஆசிரியராகவும் கதாசிரியராகவும் விமர்சகராகவும் இயங்கும்போது, விமர்சகருக்கென ஒரு தனிப்பெயர் தேவைப்படுகிறது. அது நகைச்சுவைக்கான முகமூடியாக மட்டுமன்றி, பணிப்பிரிவினையின் அடையாளமாகவும் விளங்குகிறது.

எழுத்தாளர் ஒருவர் இதழ்ப்பணியிலிருந்து திரைப்பணிக்குச் செல்வது அக்காலத்தின் பொதுப்போக்கு. நாளிதழ்களில் பணியாற்றிய புதுமைப்பித்தன் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் திரைப்படங்களுக்கு எழுதினார். ‘ராஜமுக்தி’க்காகப் புனே சென்று நோயுற்று 1948இல் மறைந்தார். ‘துக்ளக்’ இதழில் திரை விமர்சனம் எழுதிய மகேந்திரன் பின்னாளில் ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ ஆகிய படங்களின் இயக்குநரானார். இதழாளர் பணி பலருக்குத் திரையுலகின் வாயிற்படியாக இருந்துள்ளது. நாளை தாம் வேலை கேட்கக்கூடிய வீட்டைப் பற்றி இன்று எழுதும் நிலை எழுத்தின் தொனியைப் பாதிக்காமல் இராது.

3. பெயர் சொல்லா எழுத்து: கிசுகிசுவின் பணிச்சூழல்

திரைத்தொழிலோடு நெருங்கி வாழ்ந்த எழுத்துக்கு மறுதலையாக, அதனை அச்சுறுத்தி வாழ்ந்த எழுத்தும் இருந்தது. சி.என். லட்சுமிகாந்தன் நடத்திய ‘சினிமா தூது’, அதன்பின் ‘இந்து நேசன்’ ஆகியவை நடிகர்களின் அந்தரங்கத்தை விற்பனைப் பொருளாக்கின. 1944 நவம்பரில் அவர் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி 1945இல் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலை பெற்றனர். இவ்வழக்கு இரு நடிகர்களின் வீழ்ச்சிக் கதையாகவே தமிழில் நினைவுகூரப்படுகிறது. இதழியல் வரலாற்றில் அதன் இடம் போதிய கவனம் பெறவில்லை.

பிற்கால வெகுசன இதழ்களில் நிலைபெற்ற கிசுகிசு என்னும் வடிவத்தை இப்பின்னணியில் வைத்து நோக்கலாம். அதன் இலக்கணம் தெளிவானது. பெயர் கூறப்படாது, பெயரின் எழுத்தெண்ணிக்கையோ, நடித்த படத்தின் ஒரு சொல்லோ, உடலமைப்போ குறிப்பாகத் தரப்படும். வினைமுற்றுகள் பெரும்பாலும் ‘-ஆம்’ என முடியும். ‘கோபித்துக்கொண்டாராம்’, ‘சம்பளத்தை உயர்த்திவிட்டாராம்’ என்னும் தொடர்களில் கூறியவர் எவர் என்பது மறைகிறது. பிறர் கூற்றைச் சுட்டும் இவ்விகுதி செய்தியின் பொறுப்பை எழுதியவரிடமிருந்து அகற்றி, ஊர்வாயில் ஏற்றுகிறது. வழக்கும் வன்முறையும் நேரக்கூடிய ஒரு பணியில், பாதுகாப்புத் தரும் இலக்கண உத்தியாக இது பயன்பட்டுள்ளது.

அப்பாதுகாப்பைக் கைவிட்டு வெளிப்படையாகப் பெயர் குறித்தால் நேரக்கூடியதை 2009 அக்டோபர் காட்டியது. நடிகையர் பற்றி ஒரு நாளிதழ் வெளியிட்ட செய்தியை எதிர்த்துத் திரையுலகினர் கண்டனக் கூட்டம் நடத்தினர். அந்நாளிதழின் செய்தி ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அச்செய்தியால் பெண் கலைஞர்களுக்கு நேர்ந்த இழிவு கண்டனத்திற்குரியதே. அதே வேளையில் கைதானவர் நிறுவனத்தின் ஓர் ஊழியர் என்பதும் பதிவுசெய்யப்பட வேண்டியது. கிசுகிசுவின் ஆதாயம் இதழைச் சேர்வது. அதன் ஆபத்து இரு புறத்திலும் தனிமனிதர்களையே சேர்கிறது.

4. செய்தி வந்து சேரும் வழி

விமர்சகரின் பணியை வடிவமைத்த மற்றொரு காரணி திரைப்படச் செய்தித் தொடர்பாளர் என்னும் பதவி. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தின் வழி தமிழ்த் திரையுலகின் முதல் செய்தித் தொடர்பாளராக அறியப்படுகிறார். அவர் தொடக்கத்தில் இதழ்ப் புகைப்படக்காரர். படங்களையும் விவரங்களையும் இதழ் அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை அவரிடமிருந்து ஒரு முறையான தொழிலாக வளர்ந்தது.

இம்முறை இதழாளரின் அலைச்சலைக் குறைத்தது. கூடவே சார்பையும் வளர்த்தது. எந்தப் புகைப்படம் வெளிவரலாம், யாரிடம் பேட்டி கிட்டும், பத்திரிகையாளர் காட்சிக்கு யாருக்கு அழைப்பு என்பவை தயாரிப்புத் தரப்பின் முடிவுகளாயின. கடுமையாக எழுதுபவருக்கு அடுத்த அழைப்பு வராமல் போகலாம். அழைப்பு வராவிடில் சிறப்பிதழுக்குப் பேட்டி இல்லை. திரை விளம்பரமும் குறையக்கூடும். ‘கவர்’ என்று தொழில்வழக்கில் குறிப்பிடப்படும் பணவுறை பற்றிய ஒழுக்க விவாதங்களைவிட, அணுகலைத் தருவதும் மறுப்பதுமாகிய இந்த அதிகாரமே ஆய்வுக்கு முதன்மையானது. கவரைத் திருப்பித்தரும் இதழாளரும் அணுகல் இல்லாமல் பணியாற்ற இயலாது.

ஆனந்தனின் வாழ்வு வேறொரு பாடத்தையும் தருகிறது. விளம்பரப் பணியின் பொருட்டு அவர் சேர்த்த படங்களும் குறிப்புகளும் 2004இல் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்னும் பெருநூலாயின. இன்று தமிழ்த் திரைப்படப் பட்டியலை நாடும் ஆய்வாளர் பலரும் அவ்வுழைப்பின் கடனாளிகளே. ஜெமினியில் 1952 முதல் 1966 வரை பணியாற்றிய அசோகமித்திரனின் வேலைகளுள் ஒன்று, நாளிதழ்ச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது. பிறர் கண்ணுக்கு வேலையாகவே தோன்றாத அவ்வேலையினூடே திரைத்தொழிலைக் கண்டவர், ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் அதன் கடைநிலைப் பணியாளர்களின் வாழ்வைப் பதிந்தார். தமிழ்த் திரைப்பட வரலாற்றின் ஆவணக்கிடங்கு பெருமளவும் இத்தகைய சிற்றூழியத்தின் உபவிளைவு.

5. குழுவின் தீர்ப்பும் மதிப்பெண்ணும்

‘ஆனந்த விகடன்’ விமர்சனங்கள் ‘விகடன் விமர்சனக் குழு’ என்னும் பெயரில், நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணுடன் வெளியாகி வந்தன. ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62.5 இன்றும் பேசப்படுகிறது. அவ்வெண் நினைவில் நிற்க, அவ்விமர்சனத்தை எழுதிய கை மறைந்துவிட்டது.

குழுப்பெயர் எழுதியவருக்குக் காப்பு. தீர்ப்புக்கு நிறுவனத்தின் கனம். ஆனால் ஒரு விமர்சகர் இருபதாண்டுகள் எழுதினாலும் அவர் பெயரில் ஒரு தொகுப்பு உருவாகாது. அவருடைய பார்வை எவ்வாறு முதிர்ந்தது, எங்கே மாறியது என்று எவரும் பின்தொடர இயலாது. சிறந்த திரை விமர்சகருக்கான தேசிய விருது 1984 முதல் வழங்கப்படுகிறது, அது தனியொருவருக்குரியது. 2005ஆம் ஆண்டுக்கு அதைப் பெற்ற பரத்வாஜ் ரங்கன் சென்னையில் இருந்து, தம் பெயரில், ஆங்கிலத்தில் எழுதியவர். பெயரிட்டு எழுதும் வாய்ப்பு விமர்சகருக்கு ஒரு வகை மூலதனம் என்பதும், தமிழ் வெகுசன இதழ்களின் குழுமரபு அதனைத் தன் ஊழியருக்கு வழங்கவில்லை என்பதும் இவ்வொப்பீட்டால் விளங்கும்.

தமிழ்ச் சினிமா குறித்து ஆழமாக எழுதியோரின் வாழ்க்கைத்தொழிலும் இங்கே நோக்கத்தக்கது. தியடோர் பாஸ்கரன் இந்திய அஞ்சல் பணியில் உயர் அலுவலர். ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்குத் திரைக்கதை எழுதிய விமர்சகர் வெங்கட் சாமிநாதன் மத்திய அரசு ஊழியர். பழம்படங்களைப் பற்றி நெடுங்காலம் எழுதிய ராண்டார் கை சட்டம் பயின்றவர். திரை எழுத்தைக் கொண்டு அடுப்பெரிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களிடமிருந்தே திரை எழுத்தின் கணிசமான பகுதி வந்திருக்கிறது. அறிவுலகின் புறக்கணிப்பு என்ற விளக்கத்தோடு இவ்வுண்மையையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

6. சட்டத்தின் பார்வையில் விமர்சகர்

உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம் ‘பத்திரிகையாளர்’ என்பதன் வரையறையில் ஆசிரியர், துணையாசிரியர், செய்தியாளர், சிறப்புக் கட்டுரையாளர், கேலிச்சித்திரக்காரர், செய்திப் புகைப்படக்காரர், மெய்ப்புத் திருத்துநர் முதலியோரைப் பெயர் குறித்துச் சேர்த்திருந்தது. விமர்சகர் என்ற பெயர் அதில் இருக்கவில்லை. அவர் வேறொரு பதவிப்பெயரின் கீழ்தான் அதனுள் நுழைய முடிந்தது. மஜீதியா ஊதியக்குழுப் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. ஆயினும் படைப்புக்கு இவ்வளவு எனப் பெற்றுக்கொண்டு எழுதுபவர்க்கு அதன் பயன் சென்றடைவது அரிது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் மின்னணு, எண்ம ஊடகங்களையும் வரையறைக்குள் கொணர்ந்தது. பதவிப் பட்டியலோ பழையதே. ஒரு நிறுவனத்தால் பணியமர்த்தப்பட்டிருத்தல் என்னும் நிபந்தனையும் தொடர்கிறது. தாமே ஒரு யூடியூப் அலைவரிசை நடத்தும் விமர்சகருக்கு இவ்வரையறையில் இடமில்லை.

இவ்விடைவெளியின் விளைவுகள் அண்மையில் வெளிப்பட்டன. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், திரையரங்க வளாகத்தில் யூடியூப் அலைவரிசைகள் பார்வையாளர் கருத்துகளைப் பதிவுசெய்ய இடந்தர வேண்டாம் எனத் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடைசெய்யக் கோரும் மனு ஒன்றும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் கருத்துரிமையைச் சுட்டி இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. படத்தின் வசூல் முதல் வார இறுதியிலேயே குவியும் இன்றைய வணிகத்தில், விமர்சனம் எழும் நேரமே அதன் வலிமையாகிறது. இடைவேளையிலேயே தீர்ப்புச் சொல்லும் அவசரத்தை ஒழுக்கக்கேடாக மட்டும் காண்பது பொருந்தாது. பார்வை எண்ணிக்கையால் வருவாய் பெறும் ஒருவருக்கு, முந்திச் சொல்வதே கூலி.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் விமர்சனத்தின் உள்ளடக்கம் முழுவதையும் எழுதியவரின் வருவாய்க்குள் அடக்கிவிட உரிமை தரவில்லை. ஒரே சூழலில் பணியாற்றிய இருவர் வெவ்வேறாக எழுதியிருக்கிறார்கள். சுவையும் துணிவும் தனிமனிதர்க்குரியன. ஆனால் புனைபெயர், ‘-ஆம்’ விகுதி, குழுக்கையொப்பம், மதிப்பெண், இடைவேளைத் தீர்ப்பு ஆகிய வடிவங்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பணிநிலை ஒன்றின் விடை என்பது தெளிவு.

இதனால் ஆய்வுமுறையில் இரு மாற்றங்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, இதழ் விமர்சனத்தைச் சான்றாகக் கொள்ளும்போது அவ்விதழின் உடைமை, விளம்பர உறவு, பெயரிடும் மரபு ஆகியவற்றையும் உடன் பதிவுசெய்தல். ‘அக்காலத்தோர் இப்படத்தை இவ்வாறு மதித்தனர்’ என்று எழுதுமுன், அவ்வாறு எழுதும்படி அமர்த்தப்பட்டிருந்தவர் யார் எனக் கேட்கவேண்டும். இரண்டாவது, பெயரின்றி எழுதியோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தல். ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ முதலிய இதழ்களின் பிரதிகளை நூலகங்களில் தேடும் ஆய்வாளர், அவற்றின் வழிவந்த திரை இதழாளர் தலைமுறையினரையும் தேடிச்செல்ல வேண்டும். பிலிம் நியூஸ் ஆனந்தன் 2016இல் மறைந்தார். அவர் ஒரு பெருநூலை விட்டுச்சென்றார். வார விமர்சனங்களை எழுதிய ஊழியர் பலர்க்கு அத்தகைய நூல் இல்லை. அவர்களுடைய நினைவு மட்டுமே உள்ளது. அது காகிதத்தைவிட விரைவில் அழியக்கூடியது.