அறுத்துவிட்ட படகு

நெருக்கடியில் எப்படிச் சேர்ந்து உழைப்பது என்று பேசவரும் பிரசங்கிகளுக்கு அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் கைவசம் உள்ள பகுதி. ரோமாபுரிக்குப் போகும் கைதி பவுல், காவலுக்கு நூற்றுக்கு அதிபதி யூலியு, அலெக்சந்திரியாவின் கோதுமைக் கப்பல், அதில் 276 பேர். 14 நாள் புயலில் அலைக்கழிந்து கப்பல் உடைகிறது, ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்த வாசிப்பில் நியாயம் உண்டு. கிலவுதா தீவின் ஒதுக்கில், பின்னால் இழுபட்டு வந்த படகைப் பெரும்பாடுபட்டு வசப்படுத்தியதைச் சொல்லும்போது 'நாங்கள்' என்று தன்னையும் சேர்த்தே எழுதுகிறார் லூக்கா. பயணிகளின் கையும் அந்தக் கயிற்றில் இருந்திருக்கும். நள்ளிரவில் கரை நெருங்குவதை உணர்ந்தவர்கள் மாலுமிகள். விழுதுவிட்டுப் பார்த்தால் 20 பாகம், சற்றுத் தள்ளி 15. பாறையில் மோதிவிடாமல் பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரம் போடுகிறார்கள். இதிலெல்லாம் பவுலுக்கு வேலையே இல்லை. அவர் வேலை விடியும் நேரத்தில்: பட்டினி கிடந்தவர்கள் முன் அப்பத்தைப் பிட்டுத் தானே முதலில் சாப்பிட்டது.

ஆனால் ஒற்றுமைதான் காப்பாற்றியது என்று முடிக்கும்போது இடிக்கிறது. அவர்களைப் புயலில் மாட்டிவிட்டதே பெரும்பான்மை முடிவுதான். 'நல்ல துறைமுகம்' என்ற இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம் என்றார் பவுல். பெரும்பாலானோர் கிளம்பவே சொன்னார்கள். அதைக் கேட்ட யூலியுவைக் குறை சொல்ல முடியாது. கடல் விஷயத்தில் கைதி பேச்சையா, மாலுமி பேச்சையா கேட்பார்கள்? (பிறகு, நடுக்கடலில், என் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்று பவுல் குத்திக்காட்டுவதைப் பிரசங்கிகள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.)

படகின் கதை இன்னும் சங்கடம். அணியத்திலும் நங்கூரம் போடுவதாகப் பாசாங்கு செய்து, மாலுமிகள் படகை இறக்கி நழுவப் பார்த்தார்கள். இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுல் எச்சரித்ததும், சேவகர்கள் கயிற்றை அறுத்துப் படகையே விட்டுவிட்டார்கள். பவுல் படகை விடச் சொல்லவில்லை. மாலுமிகள் தங்கியதும் மனமொத்து அல்ல, போக வழியில்லாமல். விடிந்தபின் நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள். மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பற்றிக்கொண்டு மெலித்தா தீவில் கரையேறினார்கள்.

அதற்குச் சற்று முன்புதான், ஒருவனும் நீந்தித் தப்பிவிடக் கூடாதென்று கைதிகளைக் கொன்றுபோடச் சேவகர்கள் யோசித்தார்கள். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட அதே காலையில். தடுத்தவர் யூலியு. பவுலைக் காப்பாற்ற விரும்பினார் என்று காரணம் சொல்கிறது வேதம். மற்றக் கைதிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.