பெண் பொம்மைக்கு ஒரு கால்

ஜப்பானின் புன்ராகு பொம்மலாட்டத்தில் பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால் கிடையாது. கிமோனோவின் கீழ் விளிம்பை உள்ளிருந்து இரண்டு கைகளால் தள்ளியும் இழுத்துமே நடை, ஓட்டம், மண்டியிட்டு அமர்வது எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். ஆனால் 'சொனெஸாகி ஷின்ஜூ' நாடகத்தில் கதாநாயகிக்கு மட்டும் ஒரு பாதம் உண்டு. ஒஹட்சு என்ற கணிகை திண்ணை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய காதலன் தொகுபெய், சோயா சாஸ் கடைக் குமாஸ்தா, திண்ணைக்கு அடியில் ஒளிந்து கிடக்கிறான். அவனிடம் கடன் வாங்கிவிட்டு, வாங்கவே இல்லை என்று சாதித்து அவனை ஊர்முன் மோசடிக்காரனாக்கிய நண்பன், அதே கூடத்தில் வந்து உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி பேசுகிறான். ஒஹட்சு தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, சாகத் துணிவு உண்டா என்று கேட்டபடி காலை மெல்ல அசைக்கிறாள். கீழே இருப்பவன் அந்த வெள்ளைப் பாதத்தைப் பற்றித் தன் தொண்டையில் வைத்து இழுத்துக்கொள்கிறான். அதுதான் அவன் சொல்லும் பதில்.

இந்தக் கதை கற்பனையல்ல. 1703இல் ஒசாகாவில் ஒரு குமாஸ்தாவும் ஒரு கணிகையும் சொனெஸாகி கோயில் தோப்பில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் சிகமட்சு மொன்ஸாஎமொன் அதை நாடகமாக எழுத, அது தகெமோதோ அரங்கில் மேடையேறியது. கடனில் தத்தளித்த அரங்கு அந்த வசூலில்தான் கரையேறியது. அதுவரை வீரர்களும் பிரபுக்களும் ஆண்டுகொண்டிருந்த பொம்மை மேடையில் கடைக்காரனும் கடனும் அவமானமும் ஏறிக்கொண்டன. இம்மாதிரி நாடகங்களைப் பார்த்து நிஜக் காதலர்களும் சாகத் துணிகிறார்கள் என்று அஞ்சி, 1723இல் ஷோகுன் அரசு இந்த வகையையே தடைசெய்தது. ஒரு பொம்மலாட்டத்துக்கு அரசாங்கம் இதைவிடப் பெரிய மரியாதை செய்திருக்க முடியாது!

அந்தக் காலத்தில் ஒரு பொம்மையை ஒருவரே ஆட்டினார். 1734இல்தான் ஒரு பொம்மைக்கு மூன்று பேர் என்ற முறை வந்தது. தலைமை ஆட்டக்காரர் இடக்கையால் தலையையும் வலக்கையால் பொம்மையின் வலக்கையையும் இயக்குகிறார். இரண்டாமவருக்கு இடக்கை மட்டும். அதையும் நீண்ட குச்சியொன்றைப் பிடித்துத் தள்ளி நின்று அசைக்க வேண்டும். மூன்றாமவர் குனிந்தபடியே கால்களைப் பார்த்துக்கொள்கிறார். பொம்மை தரையை உதைக்கும்போது ஓசை எழுப்புவது அவருடைய சொந்தக் கால்தான். அவர் குனிந்து வேலை செய்ய இடம் வேண்டுமென்பதற்காகத் தலைமை ஆட்டக்காரர் உயரமான மரக்கட்டைச் செருப்பின்மேல் நிற்கிறார். காலுக்குப் பத்து ஆண்டு, இடக்கைக்குப் பத்து ஆண்டு, அதற்குப் பிறகே தலை என்பது பழைய கணக்கு. மேடையில் மூவரும் பேசிக்கொள்ள முடியாது. தலைமை ஆட்டக்காரரின் உடல் இலேசாகத் திரும்புவதிலிருந்தும், தோள் அசைவிலிருந்தும், பொம்மைத் தலையின் சாய்விலிருந்தும் மற்ற இருவரும் அடுத்த அசைவைப் படித்துக்கொள்கிறார்கள்.

திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பழக்கமும் இங்கே இல்லை. இரண்டு பேர் கறுப்பு அங்கியும் முகமூடியும் அணிந்து, தலைமை ஆட்டக்காரர் முக்கியமான காட்சிகளில் முகத்தை மூடாமலேயே, பொம்மையோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிய நிற்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு முதல் பத்து நிமிடம் இது பெரும் தொல்லை. அழும் பெண் பொம்மைக்குப் பின்னால் ஒரு முதியவரின் முகம் எந்த உணர்ச்சியும் இல்லாமல் நிற்கிறது. அந்த முகம் பொம்மையோடு சேர்ந்து துக்கப்படத் தொடங்கினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அவர் கல்லாக நிற்பதால்தான், கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்பவரின் கண்ணே அவரை அழித்துவிடுகிறது.

பொம்மைக்குள் இருப்பது சொற்பம்தான். ஹினோகி மரத்தில் செதுக்கிக் குடைந்த தலை, ஒரு தோள் பலகை, இடுப்புக்கு ஒரு மூங்கில் வளையம், இவற்றை இணைக்கும் துணி. தோள் புடைப்பாகத் தெரிவதற்குப் பலகையின் நுனியில் வைப்பது பீர்க்கங்காய் நார்! ஆண் தலைகளில் கண்ணும் புருவமும் வாயும் அசைய நூல்கள் உண்டு. அவை விடுபட்டுத் திரும்புவதற்கான வில்லாகத் திமிங்கிலத்தின் தாடைத் தகட்டை வைப்பது மரபு. இளம்பெண்ணின் முகத்திலோ பெரும்பாலும் எதுவுமே அசையாது. வாயோரத்தில் மிகச் சிறிய ஊசி ஒன்று மட்டும் இருக்கும். துயரம் முற்றும்போது ஆட்டக்காரர் கிமோனோவின் கையை அதில் மாட்டிவிட, அவள் துணியைக் கடித்து அழுகையை அடக்குவதாகத் தெரிகிறது. 'கபு' என்றொரு தலையும் உண்டு. நூலை இழுத்தால் அழகியின் வாய் காதுவரை பிளந்து, கொம்பு முளைத்துப் பேயாகிவிடுவாள். கைதட்டலை அள்ளுவது கபுதான். ஆனால் கலை நிறைந்திருப்பது அந்த ஊசியில்.

இவ்வளவுக்குப் பிறகும் புன்ராகுவின் உயிர் பொம்மையில் இல்லை. மேடையை ஒட்டி, பார்ப்பவருக்கு வலப்புறம், சிறிய சுழல்மேடை ஒன்று இருக்கிறது. அது சுழன்று வரும்போது இருவர் அமர்ந்திருப்பார்கள்: கதை சொல்லும் தாயூ, தடித்த கழுத்துள்ள ஷமிசென் என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டுபவர். தாயூ கதைநூலை நெற்றிவரை உயர்த்தி வணங்கிவிட்டுத் தொடங்குகிறார். கிழவன், குழந்தை, கணிகை, வில்லன், இடையே கதையை நகர்த்தும் குரல் என அத்தனையும் அவர் ஒருவரே. அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். அதற்காக வயிற்றில் பட்டை கட்டி, பயறும் மணலும் நிரப்பிய சிறு பையொன்றை உடைக்குள் செருகிக்கொள்கிறார். 1684இல் தகெமோதோ அரங்கைத் தொடங்கிய தகெமோதோ கிதாயூ வகுத்த கதைசொல்லும் பாணி இது. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. நம் காலத்தின் பெரிய தாயூவான தகெமோதோ சுமிதாயூ, பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்தும் பாடி, 2014இல் 89 வயதில்தான் ஓய்வு பெற்றார்.

ஷமிசென்காரரைப் பக்கவாத்தியம் என்று நினைத்தால் தவறு. அவர் தாயூவின் முகத்தைப் பார்ப்பதில்லை, தாயூவும் அவரைப் பார்ப்பதில்லை. ஒற்றை மீட்டலில் பனி விழும்; அடுத்த மீட்டலுக்கு முன்னால் விடும் மௌனத்தில் ஒருத்தி முடிவெடுத்துவிடுவாள். பொம்மை ஆட்டக்காரர்கள் கடைசியில் இந்த இருவரின் மூச்சைத்தான் பின்பற்றுகிறார்கள்.

புன்ராகுவுக்கென எழுதிய நாடகங்களை, மனிதர்கள் நடிக்கும் கபுகி அள்ளிக்கொண்டது. 1748இல் வந்த 'கனதெஹொன் சூஷிங்குரா'வும் முதலில் பொம்மைகள் நடித்ததே. கிதானோ தகெஷியின் 2002ஆம் ஆண்டுப் படமான 'டால்ஸ்' ஒரு புன்ராகு காட்சியோடுதான் தொடங்குகிறது. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008இலிருந்து புன்ராகுவுக்கு இடமும் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, 1972இல் தொடங்கிய அரசுப் பயிற்சித் திட்டம். எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் சேரலாம். இன்றைய கலைஞர்களில் பாதிப்பேர் அளவுக்கு அங்கே பயின்றவர்கள்.

ஜப்பான் போகிறவர்கள் கியோதோவின் கோயில்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலையை ஒசாகாவுக்குக் கொடுக்கலாம். நிப்போன்பாஷி நிலையத்துக்கு அருகிலேயே 1984இல் கட்டிய தேசிய புன்ராகு அரங்கு இருக்கிறது. வழக்கமாக ஜனவரி, ஏப்ரல், கோடை, நவம்பர் பருவங்களில் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிட்டுப் போங்கள். சீட்டு வாங்கும்போது நடு வரிசைக்கு ஆசைப்படாமல், தாயூ அமரும் வலப்பக்கமே கேளுங்கள்.