தேய்மானக் கணக்கு

உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். 2024-ல் மேம்பாலம் திறந்ததிலிருந்து அவருக்கு ஒரே ஒரு புகார்தான். ‘‘வண்டியெல்லாம் தலைக்கு மேலயே போயிடுதுங் தம்பி. கீழ திரும்பிப் பார்க்க ஆளில்ல!’’

போன மாதம் அவர் கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். தொழிலை விட்டுவிட்ட மைக் செட்காரர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தவையாம். கிளறினேன். அடியில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’. 1986-ல் வந்த எல்.பி. தியாகராஜரையும் பாக்கையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்த தட்டு. வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்காகவே கேட்கலாம். பேரம்கூடப் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

போட்டால்... வயலின் அழுகிறது. அதுவும் மூக்கடைப்போடு அழுகிறது! உச்சஸ்தாயி வந்தாலே ‘கர்ர்ர்’. ‘கல்யாண வீட்டில் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டான் மைக் செட்காரன்’ என்று முகம் தெரியாத மனுஷனைத் திட்டித் தீர்த்தேன்.

அந்தத் திட்டு எனக்கே திரும்பி வந்த கதைதான் இது.

போத்தனூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். இசைத்தட்டு விஷயத்தில் நாடி பிடித்தே நோய் சொல்பவர். அவரிடம் அந்தத் தட்டை எடுத்துப் போனேன். துணைக்கு இன்னொன்று. அப்பா ஆசையாக வாங்கி வைத்திருந்த ‘திருவிளையாடல்’. அப்பா போன பிறகு ஒரு வருடமாக நான் வாராவாரம் போட்டுக் கேட்கும் தட்டு.

பெரியவர் தன் டர்ன்டேபிளில் முதலில் மைக் செட்காரரின் தட்டைப் போட்டார். வயலின் பளிச்! எங்கோ ஒரு ‘டிக்’, அவ்வளவுதான். ‘‘கல்யாண வீட்டுல யாருங் இதைப் போடுவாங்க? அட்டையை விட்டே வெளிய வந்திருக்காது’’ என்றார். அடுத்து அப்பாவின் தட்டு. கே.பி.சுந்தராம்பாள் குரல். நம் கொடுமுடி கோகிலம். மேலே போகும் இடத்திலெல்லாம் குரலின் ஓரம் பிய்ந்து தொங்கியது.

‘‘இதை எதுல போட்டீங்க?’’

சொன்னேன். சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்குமே... மூடியைத் திறந்தால் பாடும், உள்ளேயே ஸ்பீக்கர், அழகான நீலக் கலர். பரிசாக வந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னார். நகைக்கடைத் தராசு போல ஒரு குட்டி எலெக்ட்ரானிக் தராசை எடுத்து, அதன்மேல் ஊசியை இறக்கினார். ஆறு கிராம்!

‘‘பவுன்ல சொன்னாத்தான் நமக்குப் புரியும். ஒரு பவுன் எட்டு கிராமுங்களா? நல்ல ஊசி தட்டு மேல கால் பவுன் பாரம்தான் வைக்கும். உங்களுது முக்கால் பவுன்.’’

பி.காம். படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆறு கிராம் என்ன பெரிய பாரமா என்று கேட்பீர்கள். ஊசி முனை தட்டைத் தொடும் இடம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அந்த இத்தனூண்டு இடத்தில் இரண்டு கிராம் இறங்கினாலே, சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் டன்னில் வரும். வினைல் தாங்குவது அதன் நெகிழ்ச்சியால். அழுந்தி, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். மூன்று மடங்கு பாரத்தை, மழுங்கிய ஊசியில் வைத்து இழுத்தால்? பள்ளத்தின் சுவரில் இருக்கும் நுணுக்கமான நெளிவுகள்தான் வயலின், அவைதான் சுந்தராம்பாளின் உச்சஸ்தாயி. முதலில் சிதைவது அவைதான்.

‘அந்தக் காலத்து கிராமபோன் இதைவிடக் கனமாச்சே?’ நியாயமான கேள்வி. அதன் தலை நூறு கிராமுக்கு மேலேயே பாரம் வைக்கும். ஆனால் அது அரக்குத் தட்டு. தட்டு தேயாமல் ஊசி தேயவேண்டும் என்றே அரக்கில் கல்தூளைக் கலந்தார்கள். ஒரு பக்கம் பாடியதும் இரும்பு ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். அந்த 78 சுற்றுத் தட்டின் பள்ளமும் அகலம். அதற்கான ஊசி எல்.பி. ஊசியைப் போல நாலு மடங்கு தடிமன். தாத்தா தட்டுக்குப் பேரன் ஊசியும் ஆகாது, பேரன் தட்டுக்குத் தாத்தா ஊசியும் ஆகாது.

இந்த சூட்கேஸ் பிளேயர்கள் மீது எனக்குள்ள விமர்சனம் இதுதான். சத்தம் சுமார் என்பது பெரிய குற்றமில்லை. பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகுகூட வைக்காதது குற்றம். பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். விறைப்பானது, அதனால் அழுத்திப் பிடித்தால்தான் பள்ளத்தில் நிற்கும். அமெரிக்காவில் 2022-ல் சி.டி-யைவிட எல்.பி. அதிக எண்ணிக்கையில் விற்றது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. அந்த மோகத்தில் நாலைந்தாயிரம் ரூபாய்க்கு அழகுப் பெட்டி வாங்கி, திரும்பக் கிடைக்காத தட்டுகளை அதில் போடுகிறோம். வருமானம் நாலாயிரத்தில், முதல் கரைவது லட்சத்தில்!

அப்படியானால் லட்ச ரூபாய் சாமான்தான் வழியா? அதுவும் இல்லை. ஆடியோ-டெக்னிகா எல்.பி.60எக்ஸ் மாதிரி சாதாரண இயந்திரமே போதும். அதன் காந்தக் கார்ட்ரிட்ஜ் மூன்றரை கிராம் அளவில் ஓடும். கம்பெனியிலேயே பாரத்தைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். நாமே சரிசெய்துகொள்ளும் வகை என்றால் அதே கம்பெனியின் வி.எம்.95இ - இரண்டு கிராம். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் - 1.8 கிராம். கால் பவுனுக்கும் கீழே!

காசு இருப்பவர்கள் செய்யும் தப்பு வேறு. எல்லோரும் புகழ்கிறார்களே என்று டெனான் டி.எல்.103 வாங்கி, லேசான கையில் மாட்டிவிடுவார்கள். 1960-களில் ஜப்பான் வானொலிக்காக உருவான அருமையான கார்ட்ரிட்ஜ்தான். ஆனால் அதன் ஸ்பிரிங் விறைப்பு, கனமான கை வேண்டும். டி.வி.எஸ். 50-க்கு லாரி பட்டை போட்டால் எப்படி இருக்கும்? குழியில் இறங்காது, குதிக்கும். லாரிக்கு டி.வி.எஸ். ஸ்பிரிங் போட்டால் ஊஞ்சலாடும். இங்கேயும் அதேதான்.

இதற்குக் கணக்கு உண்டு. கையின் பயன் எடை, கார்ட்ரிட்ஜ், திருகுகள் - மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். கார்ட்ரிட்ஜ் தாளில் ‘கம்ப்ளையன்ஸ்’ என்று போட்டிருக்கும் எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 159-ஐ அதனால் வகுத்தால் 8-க்கும் 12-க்கும் நடுவே வரவேண்டும். கை 12, கார்ட்ரிட்ஜ் 7, திருகு 1, மொத்தம் 20. கம்ப்ளையன்ஸ் 20. பெருக்கினால் 400, மூலம் 20, விடை 8 சொச்சம் குறைவு. பார்டரில் பாஸ்! இதே கார்ட்ரிட்ஜை 25 கிராம் கையில் மாட்டினால் விடை ஆறுக்குப் பக்கம். கொஞ்சம் வளைந்த தட்டு சுற்றும்போது வரும் ஆட்டமும் அந்த அளவில்தான் இருக்கிறது. இரண்டும் கைகோத்தால் ஊசி தள்ளாடும். விடை ரொம்ப மேலே போனால் இருபதில் ஆரம்பிக்கும் இசைக்குள்ளேயே மூக்கை நுழைக்கும்.

மாட்டிய பிறகு வேலை கொஞ்சம்தான். டர்ன்டேபிளை மட்டம் பாருங்கள். கை தராசு முள் போல அந்தரத்தில் நிற்கும்வரை பின் எடையைத் திருகுங்கள். அதுதான் சைபர். அங்கிருந்து கம்பெனி சொன்ன பாரத்தை வையுங்கள். தட்டைக் காப்பாற்றுகிறேன் என்று அதைவிடக் குறைக்காதீர்கள்! லேசான ஊசி பள்ளத்தில் பிடிப்பில்லாமல் சுவரில் மோதும். அது கனமான ஊசியைவிட மோசமாகச் செதுக்கும். அடுத்து, அட்டை அளவுகோல் வைத்துக் கோணம் பாருங்கள். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் இருபதுதான். கோணம் தப்பினால் கடைசிப் பாட்டுதான் முதலில் கரகரக்கும். வைர ஊசி ஐந்நூறு முதல் ஆயிரம் மணி நேரம்தான். சொத்துப்பத்திரம் மாதிரி மகனுக்கு எழுதிவைக்க முடியாது.

கல்லூரியில் தேய்மானத்துக்கு நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டிலும் ஒரு நம்பிக்கை உண்டு. தேய்ந்தால் புதுசு வாங்கிக்கொள்ளலாம். அப்பா கைபட்ட தட்டுக்கு எந்த முறை?

பெரியவர் ஒரு வழியும் சொல்லவில்லை. ‘‘பிய்ஞ்சது பிய்ஞ்சதுதானுங். மிச்சமிருக்கிற தட்டைப் பாருங்க’’ என்றார். நீல சூட்கேஸ் இப்போது மகளின் பென்சில் பெட்டி. மைக் செட்காரரிடம் மானசீகமாக மன்னிப்பும் கேட்டாயிற்று.

உங்கள் வீட்டுப் பரணிலும் நாலு தட்டு இருக்கும். இறக்குங்கள், தூசு துடையுங்கள், ஆசையாகப் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு குட்டித் தராசு வாங்கி, ஊசியை நிறுத்துப் பாருங்கள். நகை வாங்கும்போது குண்டுமணிக்குக்கூடக் கணக்குப் பார்ப்பவர்கள்தானே நாம்!