நாலு காந்தம், எட்டு பீப்

நன்றாக ஓடும் பல்ஸ் மோட்டாரைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. கையால் ஒரு சுண்டு சுண்டினால்தான் கிளம்புவேன் என்று அடம்பிடித்து, முக்கி முனகிச் சுற்றுகிற மோட்டார் இருக்கிறதே, அதைக் கண்டால் சாப்பாடுகூட மறந்துபோகும்!

அப்படியொரு அருமையான நோயாளியைத்தான் அக்கா மகன் தூக்கிக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் டப்பா மூடி, அதன் விளிம்பில் வெளிப்பக்கம் பார்த்து ஒட்டிய நாலு நியோடைமியம் காந்தங்கள், நடுவில் ஸ்பின்னரிலிருந்து கழற்றிய 608 பேரிங். பக்கத்தில் ஒரு காயில், ஒரு ரீட் ஸ்விட்ச், 9 வோல்ட் பேட்டரி. கார்பன் பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை. காந்தம் கிட்டே வந்தால் ரீட் மூடிக்கொள்ளும், காயிலில் ஒரு நொடிக்கும் குறைவாக கரண்ட் பாயும், காயில் காந்தத்தைத் தள்ளிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

"சுத்துது மாமா, ஆனா சுத்த மாட்டேங்குது" என்றான். இதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. காயில் சுட்டது. ரீட்டின் கண்ணாடிக்குள் பொறி பறந்தது.

பேட்டரி புதுசு. நாலு காந்தமும் ஒரே துருவத்தைத்தான் வெளியே காட்டின. வைண்டிங் வயரின் முனைகளில் எனாமலை ஒழுங்காகச் சுரண்டியிருந்தான். மிச்சம் ரீட்.

பேட்டரியைக் கழற்றி, காயிலின் ஒரு முனையையும் விடுவித்து, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்து ரீட்டில் கொடுத்தேன். மூடியை மெதுவாகக் கையால் உருட்டினேன். பீப், பீப். அடுத்த காந்தத்துக்கும் பீப், பீப். நாலு காந்தத்துக்கு எட்டு பீப்! எனக்குக் கை தட்டத் தோன்றியது.

ஏனென்றால் அவன் ரீட்டைச் சுழலும் திசையில் படுக்க வைத்திருந்தான். காந்தம் அதன் நேர் நடுவில் வரும்போது இரண்டு பாதியிலும் புலம் எதிரெதிராக ஓடும், ரீட் திறந்துவிடும். நடுவுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை என்று இரண்டு தடவை மூடும். பல்ஸ் மோட்டார் ஊஞ்சல் தள்ளுவது மாதிரி: காந்தம் காயிலைத் தாண்டிப் போகும்போது தள்ளினால் வேகம், வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் பிரேக். இவன் மோட்டார் இரண்டையும் செய்துகொண்டிருந்தது. ரீட் கொஞ்சம் ஒருபக்கமாகத் தள்ளியிருந்ததால் தள்ளல் மயிரிழையில் ஜெயித்தது. மிச்சமெல்லாம் காயிலில் சூடாகப் போனது.

ரீட்டை நிமிர்த்தி அதன் முனை மூடியைப் பார்க்கும்படி களிமண்ணில் செருகினேன். காந்தத்துக்கு ஒரே பீப். அப்புறம் காயிலை மறுபடி சேர்த்து, பேட்டரியைக் கொடுத்து, களிமண்ணைக் கட்டைவிரலால் மெல்ல நகர்த்தினேன் பாருங்கள்! டிக் டிக் என்றிருந்தது ர்ர்ர் ஆகி, ரீங்காரமாகி, மேஜையே அதிர்ந்தது. வேகம் ஏற ஏற மீட்டரில் கரண்ட் இறங்கியது. சுழலும் காந்தங்கள் காயிலில் எதிர் மின்னழுத்தம் உண்டாக்குவதால் அப்படி என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் கண்ணெதிரே முள் இறங்குவதைப் பார்க்கும் சுகம் வேறு. (இதைப் பார்த்துத்தான் சிலர் பேட்டரியே தீராத மோட்டார் என்று கிளம்பிவிடுகிறார்கள். தீரும்.)

இந்த ரீட் ஸ்விட்ச் 1936-இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் உழைத்த சாமான். காயிலின் கரண்ட்டைத் துண்டிக்கும்போது எகிறுகிற வோல்டேஜ்தான் அதைத் தின்கிறது. அந்த எகிறலைக் காட்ட, பழைய டெஸ்டரிலிருந்த நியான் பல்பை காயிலின் குறுக்கே வைத்தேன். எரிய அதற்குச் சுமார் 90 வோல்ட் வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் ஆரஞ்சாகப் பளிச்சிட்டது! பையன் அம்மாவைக் கூப்பிட ஓடினான். ரீட் பிழைக்க அப்புறம் ஒரு 1N4007 டயோடு போட்டோம், நியானின் ஆட்டம் அடங்கியது. எனக்குத்தான் மனசில்லை.

இப்போது காயிலுக்குள் இரும்பு போல்ட்டைச் செருகட்டுமா என்கிறான். காந்தம் போய் போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், முழு இரும்பில் சுழல் மின்னோட்டம் வேறு சக்தியைக் குடிக்கும். மெல்லிய வெல்டிங் கம்பிகளை வெட்டி, வார்னிஷ் பூசி, கட்டாகச் செருகினால் சுழல் மின்னோட்டமாவது குறையும் என்றேன். பட்டறைக்குச் சைக்கிளை எடுத்துவிட்டான்.