ஷார்ப் போட்ட கணக்கு

மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் விவர அறிக்கையில், ஒவ்வொரு பங்குத் திட்டத்துக்கும் கீழே ஷார்ப் விகிதம், பீட்டா என்ற எண்கள் இருக்கும். முன்னதை உருவாக்கியவரும், பின்னதற்கு இன்றைய மதிப்பைத் தேடித் தந்தவரும் ஒருவரே: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நிதியியல் பேராசிரியர் வில்லியம் ஷார்ப். 1989-ல் அவர் தகைசால் பேராசிரியர் நிலைக்கு மாறி வகுப்பறையை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே ஹாரி மார்க்கோவிட்ஸ், மெர்ட்டன் மில்லர் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சாதாரண முதலீட்டாளருக்கு அவர் செய்த பேருதவி நோபலுக்குப் பிறகு வந்தது என்பதே என் கருத்து.

சிக்கலான கணக்கைச் சுருக்கிக் கையாளத் தருவதில்தான் அவருடைய பலம் இருக்கிறது. மார்க்கோவிட்ஸ் வகுத்த முறைப்படி 100 பங்குகளைக் கொண்டு ஒரு தொகுப்பு அமைக்க, ஒவ்வொரு இணைக்கும் உள்ள உறவைத் தனித்தனியாகக் கணிக்க வேண்டும். அப்படி 4,950 உறவுகள் வரும். அன்றைய கணினிகளுக்கு அது மலைப்பான வேலை. பங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒவ்வொன்றையும் சந்தையோடு மட்டும் ஒப்பிட்டால் போதும் என்றார் ஷார்ப். 4,950 உறவுகளின் இடத்தை, சந்தை அசையும்போது ஒவ்வொரு பங்கும் எவ்வளவு அசைகிறது என்று சொல்லும் 100 பீட்டாக்கள் பிடித்தன.

அந்த எளிமையை 1964-ல் வெளியான கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். முதலீட்டாளர்கள் எல்லோரும் எதிர்காலத்தை ஒரே மாதிரி கணிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கிடம் எதிர்பார்க்கக்கூடிய வருமானத்தை அதன் பீட்டாவே சொல்லிவிடும் என்பது அதன் சாரம். இந்த அனுமானம் ஏற்கத்தக்கதல்ல என்று ஒரு மதிப்பீட்டாளர் அந்தக் கட்டுரையை முதலில் நிராகரித்தார். அவருடைய ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்கப் பங்குகளின் வருமான வேறுபாட்டைப் பீட்டா மட்டும் விளக்கவில்லை என்று 1992-ல் நிதியியல் ஆய்வாளர்கள் ஃபாமாவும் ஃபிரெஞ்சும் காட்டினார்கள். இருந்தும் நிறுவனங்களின் மூலதனச் செலவைக் கணக்கிட இன்றும் இதே சூத்திரத்தைத்தான் பாடம் நடத்துகிறோம்.

1966-ல் வந்த ஷார்ப் விகிதத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. ரிஸ்க் இல்லாத வைப்புக்கு 6% வட்டி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் கிடைக்கும் வருமானத்தை ஏற்ற இறக்கத்தால் வகுத்தால், 12% தந்து 15 புள்ளி ஏறி இறங்கும் ஃபண்டின் விகிதம் 0.4. 10% மட்டுமே தந்து 8 புள்ளி ஏறி இறங்குவதன் விகிதம் 0.5. வெறும் வருமானத்தைக் காட்டி மார்தட்டிய நிதி மேலாளர்களுக்கு இந்த ஒரு வகுத்தல் கடிவாளம் போட்டது. இது பெரிய காரியம்.

ஆனால் இந்த அளவுகோல் தள்ளாட்டத்தைப் பார்க்கிறதே தவிர, பள்ளத்தைப் பார்ப்பதில்லை. சந்தை சரிந்தால் மற்றவர்களின் நஷ்டத்தை ஏற்பதாக ஒப்பந்தம் விற்று, மாதாமாதம் சிறு பிரீமியம் வாங்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வளரும். விகிதமும் உச்சத்தில் நிற்கும். ஒரே ஒரு சரிவில் சேர்த்ததெல்லாம் போய்விடும். பெர்னார்டு மேடாஃப் பொய்யாக எழுதிக் காட்டிய சீரான மாத வருமானமும், 2008 டிசம்பரில் மோசடி வெளிப்படும்வரை, இந்த அளவுகோலில் அபாரமாகவே தெரிந்தது. முதலீட்டாளரிடம் ஏற்கெனவே இருக்கும் மற்ற சொத்துகளோடு ஒரு ஃபண்டு எப்படிப் பொருந்தும் என்பதை இந்த விகிதம் சொல்லாது என்று ஷார்ப்பே 1994-ல் எழுதினார். அறிக்கைகளில் எண் அச்சாகிறது, அந்த எச்சரிக்கை அச்சாவதில்லை.

1991-ல் அவர் எழுதிய சில பக்கக் கட்டுரைக்கு இப்படிப்பட்ட அனுமானங்கள் எதுவும் தேவைப்படவில்லை. சந்தை மொத்தமாக 10% தருகிறது. அதில் ஒரு பகுதியினர் சந்தையை அப்படியே வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 10%. அப்படியானால் பங்குகளைப் பொறுக்கி எடுக்கும் மீதிப் பேருக்கும், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், செலவுக்கு முன் 10%தான் இருக்க முடியும். அவர்கள் 2% கட்டணம் கொடுத்தால் கையில் 8%. சந்தையை அப்படியே வாங்கிய இண்டெக்ஸ் ஃபண்டுக்காரர் 0.2% கொடுத்தால் 9.8%. கூட்டல், கழித்தலில் முடிந்துவிடும் வாதம். புதுப் பங்குகள் வருவதாலும் குறியீட்டுப் பட்டியல் மாறுவதாலும் இண்டெக்ஸ் ஃபண்டும் வாங்கி விற்கத்தான் வேண்டியிருக்கிறது என்று நிதியியல் ஆய்வாளர் லாஸே பெடர்சன் 2018-ல் சுட்டிக்காட்டியது சரியே. ஆனாலும் முதலீட்டாளரின் பையிலிருந்து ஆண்டுதோறும் போகும் கட்டணத்தை இவ்வளவு நேராகக் காட்டிய எழுத்து நிதியியலில் அரிது.

1996-ல் இருவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய ஃபைனான்ஷியல் எஞ்சின்ஸ் நிறுவனத்தையும் இந்தக் கணக்கை வைத்தே மதிப்பிட வேண்டும். ஆலோசகர் யாரும் திரும்பிப் பார்க்காத சிறு சேமிப்புக்காரத் தொழிலாளர்களுக்கு, அவர்களின் ஓய்வுக்கால நிதி பற்றி அது கணினி வழியே வழிகாட்டியது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் சேமிப்பை நிர்வகித்துத் தரும் சேவைக்குச் சொத்து மதிப்பில் ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கட்டணமாக வாங்கியபோது, 1991 கட்டுரை எழுப்பிய கேள்வி அந்த நிறுவனத்தையும் விடவில்லை. 2018-ல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனம் அதைச் சுமார் 300 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

பணி ஓய்வு பெற்றவர் சேமிப்பை எப்படிச் செலவழிப்பது என்ற கேள்விதான் பிற்காலத்தில் அவரை ஆட்கொண்டது. முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4% எடுத்துவிட்டு, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போகும் பழக்கத்தை 2009-ல் ஜேசன் ஸ்காட், ஜான் வாட்சன் ஆகியோரோடு சேர்ந்து விமர்சித்தார். ஏறி இறங்கும் பங்குகளில் பணத்தை வைத்துக்கொண்டு ஏறாத இறங்காத செலவுக்குத் திட்டமிடுவது முரண் என்பது வாதம். சந்தை நன்றாக இருந்தால் அனுபவிக்காத பணம் மிஞ்சும், மோசமானால் பணம் தீர்ந்துபோகும். பிறகு ஒரு தம்பதியின் ஓய்வுக்கால வருமானத்தை ஏராளமான எதிர்காலங்களில் வைத்துப் பார்க்கும் முழு நூலையும் கணினி நிரல்களோடு இணையத்தில் இலவசமாகவே தந்தார். ஒற்றை எண்ணால் புகழ்பெற்றவர், இங்கே ஒரே விடையைத் தர மறுத்து எல்லா விளைவுகளையும் விரித்துக் காட்டுகிறார். அதனாலேயே இதை அவருடைய மிக நேர்மையான படைப்பு என்பேன். ஆனால் அந்த நிரல்கள் மேட்லேப் மொழியில் எழுதப்பட்டவை. பொறியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பழக்கமான அந்த மென்பொருளை, 60 வயதில் பணிக்கொடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் ஓர் ஆசிரியரோ எழுத்தரோ திறந்து பார்க்கப் போவதில்லை.