எழுந்து நிற்கத் தெம்பு வேண்டும்

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் வந்த பிறகு தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வந்துவிட்டது. நல்ல திட்டம். ஆனால் அதைப் பாராட்டுகிறவர்கள், முதியோரின் உடலுக்கும் மனசுக்கும் நடை ஒன்றே போதும் என்ற பழைய வாதத்தையும் சேர்த்துத் தூக்கி வருகிறார்கள். அறுபதைத் தாண்டி எந்த டாக்டரிடம் போனாலும் கிடைக்கிற கடைசி வரியும் அதுதான்: “டெய்லி அரை மணி நேரம் நடங்க.”

நடையால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்படும், தூக்கம் வரும். காலையில் நாலு பேரோடு பேசிக்கொண்டே நடப்பவர் முகத்தில் தெளிவு இருப்பதும் உண்மை. 1999-இல் வெளியான ஜேம்ஸ் புளூமென்தால் குழுவின் ஆய்வில், மனச்சோர்வு கண்ட 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 16 வாரப் பயிற்சி மாத்திரைக்கு ஏறத்தாழ ஈடாகப் பலன் தந்தது. இதெல்லாம் சரி.

தொடையில் தசை கரைந்துகொண்டிருப்பவருக்கு நடை என்ன செய்யும் என்பதுதான் நான் பல காலமாகக் கேட்டுவரும் கேள்வி. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு பாட்டி எழுவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் விளிம்புக்கு நகர்கிறார். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றுகிறார். ஒருமுறை முன்னால் சாய்ந்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்து, இரண்டாவது முயற்சியில் எழுகிறார். அவருக்குக் குறைந்திருப்பது கால் பலம். சமதளத்தில் மெதுவாக நடப்பது அந்தத் தசைக்குப் போதிய சுமையைத் தருவதில்லை. சுமை இல்லாமல் தசை வளராது. முதியோர் கீழே விழுவதைப் பயிற்சி ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது என்று 2019-இல் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. அந்தப் பலன் உறுதியாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சியிலும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியிலும். நடையால் மட்டும் விழுவது குறையும் என்பதற்கு உறுதியான சான்று அதில் இல்லை. 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையும் வலுவும் தரும் பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இலேயே எழுதிவிட்டது. நம் டாக்டர் சீட்டில் இன்னும் அது ஏறவில்லை.

“இந்த வயசுல வெயிட் தூக்கணுமா?” என்று வீட்டார் பதறுகிறார்கள். 1990-இல் மரியா ஃபியாட்டரோன் குழு பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், தொண்ணூறை ஒட்டிய வயதுள்ளவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் ‘இனிமேல் என்ன’ என்ற நம் பேச்சுக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை.

மனசின் கதையும் இதிலிருந்து பிரியாது. ராத்திரி பாத்ரூமுக்கு எழ வேண்டுமே என்று சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற அம்மாவுக்கு, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் மருமகளைக் கூப்பிட வேண்டிய கூச்சமும்தான் பெரிய பாரம். அவர் பூங்காவுக்கு வரவே மாட்டார். அவரைவிட்டு, ஏற்கெனவே நன்றாக நடக்கிறவரிடம் போய் நடக்கச் சொல்வதை முதியோர் நலம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த அம்மாவுக்கு வீட்டிலேயே பயிற்சி தரலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்று, அவரை முடிந்த அளவு கையை ஊன்றாமல் எழவும், தொப்பென்று விழாமல் மெல்ல உட்காரவும் வைக்க வேண்டும். மெல்ல உட்காரும்போதும் தொடை உழைக்கிறது. பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. மூட்டுவலி உள்ளவருக்கு நாற்காலியின் உயரத்தைக் கூட்டினால் போதும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையோடும் இயன்முறை சிகிச்சையோடும் வீட்டு வாசலுக்கே போகிறது. பிரஷர் பார்க்க வரும் அந்தத் தன்னார்வலர், 30 விநாடியில் பெரியவர் எத்தனை முறை எழுகிறார் என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். குறைவாக எழுகிறவர் வீட்டுக்கு அடுத்த வாரமே இயன்முறை மருத்துவர் வரட்டும்.